காத்திருக்கத் தெரிந்த அப்பாவும் தெரியாத நானும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. ராயபுரத்துச் சொந்தங்களுக்கும், ஷார்ஜா, அஜ்மான், கத்தார் என்று அப்பா கட்டடம் எழுப்பிய இடங்களில் எல்லாம் அவரோடு வியர்வை சிந்திய நண்பர்களுக்கும் மகனாகிய என் வணக்கம்.

பார்சிக்காரர்களாகிய எங்களிடம் இப்படி நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வருட நாளில் பிரார்த்தனை சொல்வோம், பழமும் பூவும் வைப்போம், அதோடு முடிந்துவிடும். அம்மா தமிழர். அம்மா வீட்டில் தாத்தா போனபோது போட்ட மலர் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைப் போல அப்பாவுக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டார். எழுதுவதற்கு என்னைத் தவிர வேறு ஆளில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சகத்துக்காரர் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திருத்துகிறேன் என்று நான் சொல்ல வந்ததையே மாற்றிவிடுவாரோ என்று அது வேறு கவலை.

மாற்றக் கூடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அப்பாவை அடக்கம் செய்த அன்று அம்மாவால் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்திருந்த தஸ்தூர், அதாவது எங்கள் குருக்கள், ஈவிரக்கமில்லாமல் அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டார் என்று இந்த ஒரு வருடமாகப் பேச்சு நடக்கிறது. அத்தைதான் சொல்லிக்கொடுத்தார் என்றும் சிலர் பேசுகிறார்கள். நடந்தது அது இல்லை. நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவின் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தது ராயபுரத்தில். சூரத் பக்கத்திலிருந்து கப்பல் வியாபாரத்துக்காக எப்போதோ வந்து தங்கிவிட்ட குடும்பம். அப்பா பிறந்தபோது வியாபாரமும் இல்லை, கப்பலும் இல்லை. அவருடைய அப்பா துறைமுகத்துக் கிடங்கில் குமாஸ்தா. பெற்ற தாய் முன்பே போய்விட்டார், அப்பாவுக்குப் பதினைந்து வயதில் அவரும் போய்விட்டார். தட்டச்சு வேலைக்குப் போய் அப்பாவை ஓவர்சியர் படிப்புப் படிக்க வைத்தவர் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு அவர் அக்கா மட்டும் அல்ல, தாயும் அவர்தான்.

வெள்ளை நிறம், எடுப்பான மூக்கு, வாயைத் திறந்தால் ராயபுரம். அப்பாவை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் எங்கள் மேஸ்திரி கமால் பாய், இராமநாதபுரம் ஜில்லாக்காரர், வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பாவை இங்கிலீஷ்காரர் என்று நினைத்து, "குட்மார்னிங் சார்" என்று விறைப்பாக நின்றாராம். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, துன்னுட்டியா?" என்று கேட்டாராம். கமால் பாய் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். இந்த ஒரு வருடமாகச் சொல்லும்போது முழுதாகச் சிரிப்பதில்லை.

அம்மா வீடு அப்பா வீட்டுக்குப் பின் தெரு. அம்மாவின் அப்பா துறைமுகப் பணிமனையில் ஃபிட்டர். பதிவுத் திருமணம்தான் நடந்தது. அத்தை ஆறு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள், அப்பாவின் பிறந்த நாளன்று, தானாகவே வந்தார். வந்த இடத்தில் அம்மா அவரை அசத்த வேண்டும் என்று யாரிடமோ கேட்டுக்கேட்டு தன்சாக் செய்து வைத்திருந்தார். பருப்பும் கறியும் சேர்த்துச் செய்யும் எங்கள் வீட்டு உணவு அது. ஆனால் சாவு நடந்த வீட்டில் நாலாம் நாள் துக்கம் கழிக்கும்போது சமைப்பதும் அதைத்தான். பிறந்த நாளில், நல்ல நாளில், யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். அம்மாவுக்கு அது தெரியாது.

அத்தை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க இங்க?" என்று கேட்டார்.

அம்மா அழுதுவிட்டார். அப்பா மட்டும் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "நான் இன்னும் சாவல. பசிக்குது, போடு" என்றாராம். அத்தையும் கடைசியில் சாப்பிட்டார். அன்றிலிருந்து பேச்சு வந்தது, ஆனால் ஒரு தூரம் இருந்துகொண்டேதான் இருந்தது.

எங்கள் கோவிலுக்குள், நெருப்பு இருக்கும் இடத்துக்கு, எங்கள் மதத்தில் பிறந்தவர்கள் மட்டும்தான் போகலாம். எனக்கும் அக்காவுக்கும் சிறு வயதிலேயே வெள்ளைச் சட்டையும் இடுப்பு நூலும் அணிவிக்கும் சடங்கு நடந்தது. அதனால் நாங்கள் அப்பாவோடும் அத்தையோடும் உள்ளே போவோம். அம்மா வெளியே மர நிழலில் எங்கள் நாலு பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பார். இதில் யார் மேலும் குறை சொல்வதற்கில்லை, வழக்கம் அப்படி. அப்பா வெளியே வந்ததும் அத்தையிடம் பேச மாட்டார், எங்களைப் பார்க்க மாட்டார், நேராக அம்மாவிடம் போவார். தன் செருப்பைத் தானே குனிந்து எடுத்துக்கொள்வார். அம்மா எடுத்துக் கொடுக்க விட்டதே இல்லை.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பா பம்பாயிலிருந்து கப்பல் ஏறி துபாய் போனார். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன் வேலை. அப்போது அங்கே வெறும் மணலும் தகரக் கொட்டகையும்தான் என்பார். ஏழு வருடம் கழித்து ஒரு அரபுக்காரர் கஃபீலாக, அதாவது பொறுப்பு ஏற்பவராக, கையெழுத்துப் போட, சொந்தமாகக் கட்டடக் கம்பெனி ஆரம்பித்து, எங்களையும் அங்கே அழைத்துக்கொண்டார். அந்த அரபுக்காரர் அப்பாவை நம்பியதற்கு ஒரே காரணம், அப்பா அவருக்கு ஒரு வீடு கட்டும்போது சுவர் நூல் பிடித்தாற்போல் இல்லை என்று, யாரும் கேட்காமலே, தானே இடித்துத் திரும்பக் கட்டியதுதான்.

பிறகு கிடங்குகள், பள்ளிக்கூடம், ஆட்கள் தங்கும் கேம்புகள், அஜ்மானில் அடுக்குமாடிகள். நாங்கள் பணக்காரர்கள் ஆனோம். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. பெரிய வில்லா, கார்கள், சமையலுக்கு ஆள். பம்பாயில் எங்களை யாரென்று கேட்ட உறவினர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் கேம்புக்குப் போய், தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு வரிசையில் நின்று சாப்பிடுவார். "மெஸ் சாப்பாடு வாயில வெக்க முடியலைன்னா அது எனக்கும் தெரியணும் இல்ல" என்பார். அவர் கட்டிய கேம்புகளில் எல்லா அறைக்கும் ஜன்னல் உண்டு. குவைத்தில் சண்டை வந்த வருடம் வேலை நின்று, பலரும் ஊருக்கு ஓடியபோது, போக இடமில்லாதவர்களை அவர் கேம்பிலேயே வைத்துக் காப்பாற்றியதை அவர்களே இந்த மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஷார்ஜா பிடித்துப்போனதற்கு வேறு காரணம். அங்கே எங்களுக்குக் கோவில் கிடையாது. கோவில் இல்லாததால் வெளியே நிற்கவும் வேண்டியதில்லை. எங்கள் புது வருடத்தன்று நாலைந்து பார்சிக் குடும்பங்கள் எங்கள் வில்லாவுக்கு வருவார்கள். ஹாலில் விளக்கேற்றிப் பிரார்த்தனை நடக்கும். அம்மா நடுவில் பாயில் உட்கார்ந்திருப்பார். சமையலறையில் அப்பாவின் எண்ணெய் விளக்கும் அம்மாவின் முருகன் படமும் ஒரே அலமாரித் தட்டில் இருந்தன. நாங்கள் நெருப்பை வாயால் ஊதி அணைக்க மாட்டோம். அம்மாவும் ஊதியதில்லை. எண்ணெய் தீரும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறவிக் கவலைக்காரன். பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்துவிடும். அப்படித்தான் ஒன்பதாம் வகுப்பில் படிப்பு நின்றது. பதினெட்டு முடிந்ததும் அப்பா என்னை வேலைக்கு அழைத்துக்கொண்டார். அஜ்மான் சைட்டில் விட்டு, "பாத்துக் கத்துக்கோ டிக்ரா" என்றார். டிக்ரா என்றால் எங்கள் குஜராத்தியில் மகனே என்று அர்த்தம்.

அப்பாவிடம் ஒரு வேலை முறை இருந்தது. கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில், வர வேண்டிய அத்தனை கலவை லாரியும் கிளம்பிவிட்டது என்று தெரியாமல் முதல் லாரியைக் கொட்ட விட மாட்டார். பாதி கூரை இறுகிய பிறகு மீதியைப் போட்டால் இரண்டும் ஒட்டாது, அந்த இடத்தில் வெடிப்பு விழும். ஆகவே காத்திருப்பார். லாரி டிரைவர்கள் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்துவார்கள். அப்பா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

குவைத் சண்டை முடிந்த அடுத்த வருடம், கோடையில், அஜ்மானில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கூரை. வெயிலுக்கு முன் முடிக்க விடிந்ததும் ஆரம்பிப்பதாக ஏற்பாடு. ஆறு லாரி வர வேண்டும், இரண்டுதான் வந்திருந்தது. அப்பா இன்னும் வரவில்லை. நான் கமால் பாயிடம் ஓடினேன்.

"பாய், ஆரம்பிச்சிடலாமா?"

"முதலாளி வரட்டும் தம்பி. இன்னும் நாலு வண்டி காணோமே" என்றார் கமால் பாய்.

"இந்த ரெண்டுல இருக்கறது இறுகிட்டா?"

"இறுகுனா திருப்பி அனுப்பிரலாம். கொட்டிட்டா அனுப்ப முடியாதுல்ல."

நான் கேட்கவில்லை. கொட்டச் சொன்னேன். மீதி நாலு லாரியும் வழியில் ஒரு விபத்தால் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தன. அதற்குள் கொட்டியது கல்லாகிவிட்டது. அப்பா வந்து, விளிம்பில் குந்தி, விரலால் தட்டிப் பார்த்தார்.

"எவன் ஆரம்பிக்கச் சொன்னது?"

"நான்தான் முதலாளி. வெயில் ஏறுதேன்னு..." என்றார் கமால் பாய்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

"பாய், நீ சொல்லிருக்க மாட்டே. உன்னிய எனக்குத் தெரியாதா."

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "நான்தான்பா" என்றேன். அவர் திட்டவில்லை. "சரி, ஒடச்சி எட்த்துரலாம். கான்கிரீட்டுதானே" என்றார். ஒரு வாரம் நானும் பிரேக்கரைப் பிடித்து உடைத்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளம். கடைசி நாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "வண்டி கண்ணுல படலைன்னா வரவே வராதுன்னு ஏன்டா நெனைக்கிறே? வந்துனு கீதுன்னு நெனச்சா இன்னா?"



அப்பாவுக்கு முதலில் நெஞ்சு வலி வந்து சரியான பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா கல்யாணமாகிக் குவைத்தில் ஃபஹாஹீலுக்குப் போய்விட்டிருந்தார். அப்பா திடீரென்று, "நான் போய்ட்டா மெட்ராஸுக்கு இட்டுனு போய்டு டிக்ரா. அம்மா, அப்பா எல்லாம் அங்க தான் கீறாங்க" என்றார்.

"சோறு சாப்பிடும்போது பேசற பேச்சா இது?" என்றார் அம்மா. பிறகு சிரித்துக்கொண்டே, "அங்க போனா நான் மறுபடியும் செருப்பு காக்கணும்" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. பிரார்த்தனை தொடங்கிய பிறகுதான் மற்ற மதத்தவர் முகம் பார்க்கக் கூடாது, அதற்கு முன் யாரும் பார்க்கலாம் என்று விளக்கினார். அம்மாவைப் பார்த்து, "எல்லாத்துக்கும் உன்னிய வெளியவே நிக்க வெச்சிட்டேன். அன்னிக்கு நீ வந்து பாத்து, போதும்னு நீ சொல்லணும். அப்பாலதான் ஆரம்பிக்கணும்" என்றார். என் பக்கம் திரும்பினார். "டேய், காதுல உயுந்துச்சா? இது உன் வேலை."

"சரிப்பா."

"இன்னா சரி? திருப்பிச் சொல்லு."

சைட்டில் எந்த உத்தரவு கொடுத்தாலும் கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அது அவர் முறை. நான் சொன்னேன்: "அம்மா வந்து பாத்த பிறகுதான் ஆரம்பிக்கணும்."

"அக்காங்" என்று தலையாட்டி மோர் ஊற்றிக்கொண்டார்.

அதன் பிறகு கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை கிடைத்தது. எரிவாயு நகரம் எழும்பிக்கொண்டிருந்த இடம் அது. அங்கே ஆட்கள் தங்குவதற்கான கட்டடங்கள் எங்கள் பொறுப்பு. அப்பா என்னையும் கமால் பாயையும் அனுப்பினார். கடல் பக்கம் என்பதால் அஸ்திவாரக் குழியில் உப்புத்தண்ணீர் ஊறியது. பம்பு வைத்து இறைத்தால் தீர்கிற விஷயம், கமால் பாயும் அதைத்தான் சொன்னார். நான் பயந்துபோய் ஷார்ஜாவுக்கு போன் செய்தேன். அப்பா வந்தார். வாசலில் அம்மாவிடம், "ரெண்டு நாள்ல வந்துட்றேன், இவன் தண்ணியப் பாத்து பயந்துனு கீறான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். அம்மா அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில், குழியைப் பார்த்துவிட்டு, கேபினில் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் டம்ளரோடு திரும்பியபோது தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நான் அந்த போனைச் செய்யாமல் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். டாக்டர் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன்.

அது புதன்கிழமை. அம்மாவின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்க அலுவலகத்தில் கொடுத்திருந்தது. வியாழன் மதியத்தோடு அலுவலகம் மூடிவிட்டார்கள், வெள்ளி விடுமுறை. பாஸ்போர்ட் கைக்கு வந்தது ஞாயிறு. அங்கே தோஹாவில் போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று எல்லாக் காகிதத்துக்கும் கமால் பாய் ஓடினார். நான் அப்பாவின் பெட்டியோடு பம்பாய் வழியாகத் திங்கள் காலை சென்னை வந்து சேர்ந்தேன். அம்மா அதே நாள் துபாயிலிருந்து நேராக வரும் விமானத்தில். மதியம் ஒன்றரைக்கு இறங்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்து வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, கல்மேடையில் படுக்க வைத்தார்கள். வெளியூரிலிருந்து அத்தை வரவழைத்திருந்த தஸ்தூர் வயதானவர், மெதுவாகப் பேசுவார். சூரியன் மறைவதற்குள் அடக்கம் முடிந்தாக வேண்டும். பிரார்த்தனை ஒரு மணி நேரம். "நாலரை வரைக்கும் தாராளமா காத்திருக்கலாம்" என்று அவர் எனக்குக் கணக்குச் சொன்னார். "அதுக்கும் மேல ஆனாலும் பரவாயில்லை, நாளைக் காலையில வெச்சிக்கலாம்" என்றும் சொன்னார். இதை நீங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். காத்திருக்கலாம் என்று சொன்னவர் அவர்.

அம்மாவை அழைத்துவர மாமா விமான நிலையம் போயிருந்தார். காவலாளி அறையில் ஒரு போன் இருந்தது. இரண்டே முக்காலுக்கு மாமா கூப்பிட்டு, "இன்னும் இறங்கலடா, லேட்டுன்னு போட்டிருக்கான். திரும்பக் கூப்பிடறேன்" என்றார். மூன்று மணிக்கு போன் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. நான் மேடைக்கும் காவலாளி அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். விமானம் திரும்பிப் போயிருக்குமோ, பாஸ்போர்ட்டில் ஏதாவது சொல்லி நிறுத்தியிருப்பார்களோ, அம்மா மயங்கி விழுந்திருப்பாரோ. ஐந்து நாள் ஆன உடல், ஐஸ் கரைகிறது, ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவுக்கு எவ்வளவு அவமானம். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்ப்பது போலிருந்தது.

நாலு மணிக்கு தஸ்தூரிடம் போனேன். "ஆரம்பிச்சிடுங்க" என்றேன்.

"இன்னும் டைம் இருக்கு பேட்டா. அம்மா வரட்டும்."

"அவங்க இன்னிக்கு வர மாட்டாங்க போலிருக்கு."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது. நிச்சயமா?"

"நிச்சயம்" என்றேன்.

எங்கள் வழக்கப்படி ஒரு நாயை அழைத்துவந்து அதற்கு அப்பாவின் முகத்தைக் காட்டினார்கள். பிரார்த்தனை தொடங்கியது. நாலு இருபதுக்கு வாசலில் டாக்சி வந்து நின்றது.

விமானம் மாமா போன் செய்த ஐந்தாவது நிமிடமே இறங்கிவிட்டது. அம்மா கைப்பையோடு மட்டும் வந்ததால் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். போன் செய்ய வரிசையில் நின்றால் நேரமாகும் என்று உடனே டாக்சி ஏறிவிட்டார்கள். போன் வராததற்குக் காரணம் அவர்கள் வந்துகொண்டிருந்ததுதான்.

மாமா வாசலில் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது. "முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ. அவளைப் பாக்க விடாம உங்களுக்கு என்ன சாமி?" பிரார்த்தனை முடிந்து வெளியே வந்த தஸ்தூர் கைகூப்பி, "மன்னிக்கணும். வழக்கம் அப்படி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவருக்கு மூன்றடி பின்னால் நின்றிருந்தேன். ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும். அவர் நீட்டவில்லை. அஜ்மானில் கமால் பாய் செய்ததையே அவரும் செய்தார். அஜ்மானில் எனக்குக் கொஞ்சம் தாமதமாகவாவது வாய் வந்தது. அன்று வரவில்லை.

அத்தையைப் பற்றித் தவறாகப் பேசுகிறவர்களுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். டாக்சி சத்தம் கேட்டதும், பிரார்த்தனையின் நடுவில், தம்பியை விட்டு எழுந்து வெளியே போனவர் அத்தை ஒருவர்தான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மரத்தடியில், எல்லோருடைய செருப்புகளும் கிடந்த இடத்தில், அம்மா உட்கார்ந்திருந்தார். அத்தை முட்டி வலியோடு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். மாமாதான் பிறகு எனக்கு வரி வரியாகச் சொன்னார்.

"நான் பாத்தத சொல்றேன், கேளு. வாய் கோணல. கன்னம் மட்டும் கொஞ்சம் உள்ள போயிருக்கு. புருவத்துல அந்தத் தழும்பு அப்படியே இருக்கு. சவரம் பண்ணியிருக்காங்க, இடது பக்கம் சரியா பண்ணல. தூங்கற மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்க. அப்படி இல்ல. யாருக்கோ காத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்கான்."

வெள்ளைத் துணியால் முகம் மூடித் தூக்கிப் போனபோது அம்மா எழுந்து நின்று, பத்தடி தள்ளி, பார்த்தார். குழி மூடும்வரை அழவில்லை. நாலாம் நாள் அம்மாதான் தன்சாக் செய்தார். அத்தை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வருடமாக நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல் போன அக்கா ஃபஹாஹீலிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அந்தக் கிழவர் மட்டும் என் கண்ணுல படட்டும்" என்பார். நான் "ம்" என்பேன். இந்த மலருக்குப் பேப்பர் வாங்கி வந்த அன்று, போன மாதம், அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஆரம்பிக்கச் சொன்னது நான் என்று.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எவ்ளோ நேரம் முன்னாடி?" என்று மட்டும் கேட்டார்.

"இருபது நிமிஷம் இருக்கும்மா."

திரியைச் சரி செய்தார். மறுநாள் காலை காப்பியை வைத்துவிட்டு, "அத எழுது. பாவம், அந்தப் பெரியவர எல்லாரும் பேசறாங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கான்கிரீட்டாக இருந்திருந்தால் உடைத்து எடுத்திருப்பேன், எத்தனை வாரம் ஆனாலும்.

ஆகவே இந்தப் பக்கத்தில் முதலில் அந்த தஸ்தூர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் பங்குப் பழிச்சொல்லைத் தன் மேல் போட்டுக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருந்தவர் அவர். தரையில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கண்ணாக இருந்த அத்தைக்கும், தோஹாவில் நாலு நாள் சாப்பிடாமல் அலைந்த கமால் பாய்க்கும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் தானே வந்து நின்ற கஃபீலுக்கும், வாசலில் அம்மாவுக்காகக் குரல் கொடுத்த மாமாவுக்கும், கேம்பில் வேலையை நிறுத்தி அவரவர் முறைப்படி அப்பாவுக்காகப் பிரார்த்தனை செய்த தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவிடம் தனியாக நேரில் சொல்ல வேண்டியது இருக்கிறது, சொல்வேன்.

முன்பக்கத்தில் இருக்கும் படம் அம்மா தேர்ந்தெடுத்தது. அஜ்மான் சைட்டில், வாளியின் மேல் உட்கார்ந்து, டீ டம்ளரோடு, லாரிக்காகக் காத்திருக்கும் அப்பா. முகம் தெளிவாகத் தெரிகிறது. புருவத் தழும்பு கூடத் தெரிகிறது. அச்சகத்துக்காரரிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். முதல் பிரதி அம்மா கைக்குப் போக வேண்டும். அம்மா பார்த்து, போதும் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும், ஒரு நாள் ஆனாலும், நான் காத்திருக்கப் போகிறேன். இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது என்றால், அம்மா பார்த்துவிட்டார்.